அண்ணன் வாசித்த ரம்பம்

என் அண்ணி பத்தொன்பது வருஷம் பஸ் நிலையத்தில் வண்டி அறிவிக்கும் வேலை பார்த்தாள். நடைமேடைகளுக்கு நடுவே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், நேரம் எழுதிய அட்டை, ஒரு கால் ஆடும் நாற்காலி. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரைக்கும் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எவ்வளவு தாமதம், யார் தொலைத்த பை எங்கே கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். காய்கறிக் கடையில் "அரைக் கிலோ போடுங்க" என்றால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "பஸ் ஸ்டாண்ட் அக்காதானே நீங்க?" என்பார். நாளாவட்டத்தில் மைக் அக்கா என்பதே அவளுக்குப் பேராகிவிட்டது.

அந்த அறைக்குக் கண்ணாடி இருந்ததே தவிர, சத்தத்துக்கு அது ஒரு தடையே இல்லை. ஹாரன், இன்ஜின் உறுமல், கண்டக்டர்களின் கூப்பாடு எல்லாம் உள்ளே வரும். போதாததற்கு அவள் பேசியதே கூரையில் மாட்டிய ஒலிபெருக்கிகளிலிருந்து கொஞ்சம் பிந்தி அவளிடமே திரும்பி வரும். அதனால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறை முக்காலியில் அரை மணி நேரம் சும்மா உட்காருவாள். கிறீச்சிடுகிறது என்று மின்விசிறியைக்கூடப் போடமாட்டாள். என் அண்ணன் வீட்டில் இருந்தால் அந்த அரை மணி நேரமும் தண்ணீர்க் குழாயை நூல் மாதிரித்தான் திறப்பான். அப்படி ஒரு புருஷன், அப்படி ஒரு பெண்டாட்டி. அவர்கள் இரண்டாவது மாடி, தங்கை நான் அதே கட்டடத்தில் முதல் மாடி. அவர்கள் வீட்டுச் சண்டை எதுவும் என் காதுக்கு வந்ததில்லை, வருவதற்கு சண்டையே இருந்ததில்லை.

அண்ணனுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை. ரம்பங்களுக்குப் பல் தீட்டுவான். பெரிய மெஷினில் ஓடும் பட்டை ரம்பம் மழுங்கினால் கழற்றி, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டு, திரும்ப மாட்டிக் கொடுப்பான். மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே நின்று சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் பல் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவ்வளவு கூர்மையான காது.

ஒருநாள் ஒரு பழைய கை ரம்பத்தை அரத்தின் கட்டைப் பிடியால் தட்டியிருக்கிறான். அது 'ணங்' என்று ஒலித்திருக்கிறது. நுனியை வளைத்துக்கொண்டு தட்டியதும் ஒலி மேலே ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. வயலின் பழுதுபார்க்கும் கடைக்கு ஆலையிலிருந்து மரத்துண்டு போகும். அங்கிருந்து மயிர் உதிர்ந்த பழைய வில் ஒன்றை வாங்கி வந்தான். ரம்பத்தின் பிடியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இடது கையால் நுனியைப் பாம்பு நெளிவது மாதிரி வளைத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் வில்லை இழுப்பான். நெளிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரம். அதற்குக் கட்டை கிடையாது, புள்ளி கிடையாது, கோடு கிடையாது. காது ஒன்றுதான் வழி.

அந்த ஒலியை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் தூரத்தில் முனகுகிற மாதிரி இருக்கும். தரைத்தளத்து வீட்டில் இருந்த கணக்கு டீச்சர், அது கேட்டதும் ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். ஒருதரம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அதே நேரத்தில் மூன்றாவது மாடி மருந்துக்கடைக்காரர் வீட்டு ஜன்னல்கள் படார் படார் என்று மூடும். "பல்லெல்லாம் கூசுது. பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு," என்பார். இரண்டுக்கும் நடுவில் யாருமே கிடையாது என்பதுதான் விசேஷம். எந்தப் பாட்டுக்கும் 'பரவாயில்லை' என்பவர்கள்கூட இதைப் பற்றிக் கேட்டால் ஒன்று உருகினார்கள், இல்லை முகத்தைச் சுளித்தார்கள். ஒரே வீட்டில் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். எனக்கு முதல் பத்து நிமிஷம் பிடிக்கும், அப்புறம் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அண்ணனுக்கு 'ரம்பம்' என்று பேர் வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவனுக்குப் போய் அந்தப் பேர். அவனுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அண்ணியின் அரை மணி நேரம் முடிந்த பிறகுதான் அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து ஆறு மணி வரைக்கும் வாசிப்பான். தொட்டி அந்த ஒலியை வாங்கித் தெருக்கோடி வரை அனுப்பும். அது அவனுக்குத் தெரியாது.

அண்ணி இரண்டு வருஷம் இதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?" என்று ஒருதரம் கேட்டேன். "அவருக்குப் பிடிக்குது," என்றாள்.

பஸ் நிலையப் பணியாளர்களின் ஆண்டு விழா வந்தது. அவளுடைய மேலதிகாரிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர் ரம்பம் வாசிப்பாராமே, கூட்டிட்டு வாங்க," என்றார். பின்னாலிருந்து ஒரு டிரைவர், "நம்ம மேனேஜரும் நல்லா வாசிப்பாரு, கையில ஒரு மைக் கொடுத்தா போதும்," என்றாராம். அண்ணியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். அண்ணனுக்குப் புதுச் சட்டை எடுத்தாள்.

நானும் போயிருந்தேன். முதல் ஐந்தாறு வரிசைகள் அசையாமல் கேட்டன. பின்னாலிருந்து சிரிப்புக் கிளம்பியது. அண்ணன் உச்ச சுரத்தில் முழங்காலை நடுக்கி ஒலியை அலை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவன், "மியாவ்," என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. உருகிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததை முடித்து, எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான். அவன் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. "முன்னாடி இருந்தவங்க நல்லா கேட்டாங்க," என்றான்.

அவனுக்கு அதோடு முடிந்தது. அண்ணிக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து கண்ணாடி அறையைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் மியாவ் சொல்ல ஆரம்பித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை நேரத்தில் ஒரு விளையாட்டு. ஒருநாள் அவள் மைக்கை அணைக்காமல் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது, டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கதவு வழியாகத் தலையை நீட்டி நீளமாக ஒரு மியாவ் போட்டார். அது பதினாறு மேடைகளிலும் ஒலித்தது. பயணிகள் மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு அடுத்த அறிவிப்பை அவள்தானே செய்ய வேண்டும். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு அன்று பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. எல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இதற்குள் கட்டடத்தில் மருந்துக்கடைக்காரர் மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தார். கணக்கு டீச்சர் கையெழுத்துப் போட மறுத்து, "உங்க வீட்டு மிக்ஸி சத்தத்தைவிட இது மேல்," என்றாள். பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். பதினாறு வீடு, வீட்டுக்கு ஒரு கை. அண்ணனும் வந்திருந்தான். தன் விஷயத்தில் தானே கை தூக்குவது அழகில்லை என்று அவனுக்கு ஒரு கூச்சம். "நம்ம வீட்டுக்கு நீயே போடு," என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத் தூண் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

முதலில் தொடரட்டும் என்பவர்களைக் கேட்டார்கள். ஏழு கை எழுந்தது. டீச்சர் இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றைத்தான் எண்ணினார்கள். என் கை மடியிலேயே இருந்தது. சொந்த அண்ணனுக்காகத் தூக்கினால் நாலு பேர் பேசுவார்கள், மருந்துக்கடைக்காரர் தயவு வேறு அடிக்கடி வேண்டியிருக்கும், எப்படியும் அண்ணி கை இருக்கிறதே என்று நினைத்தேன். அண்ணி கையைத் தூக்கவில்லை. நிறுத்த வேண்டும் என்பவர்களைக் கேட்டபோது ஏழு கை எழுந்தது. ஏழுக்கு ஏழு. அப்புறம் அண்ணியின் கை மெதுவாக மேலே போனது. தோளுக்கு மேல் போகவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

நான் தூக்கியிருந்தால் எட்டுக்கு எட்டு என்று நின்றிருக்கும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் போட்டுக் காட்டியதில்லை.

அண்ணன், "சரிங்க," என்றான். மேலே போய் ரம்பத்துக்கு எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, வில்லோடு சேர்த்து அலமாரி மேலே வைத்தான். சாப்பிட உட்காரும்போது அண்ணியிடம் ஒன்றே ஒன்று கேட்டானாம்.

"உனக்கும் அப்படித்தான் கேட்டுச்சா?"

"ஆமா," என்றாள் அண்ணி.

அது பொய். அவளுக்கு அந்த ஒலி பிடித்திருந்தது. வேலை முடிந்து வரும் சத்தக் களைப்பில் அதைக் கேட்டால் யாரோ நெற்றியில் கை வைத்த மாதிரி இருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் பஸ் நிலையக் கதையைச் சொன்னால் அவன் இன்னும் நொந்துபோவான் என்று, சின்ன பதிலாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டான். மனதாறத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. பஸ் நிலையத்தில் பதிவு செய்த குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள், அண்ணியைப் பார்சல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவள் பேச வேண்டிய அவசியமே இல்லை, சீட்டு கிழித்துக் கொடுத்தால் போதும். வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அண்ணன் பதில் சொல்வதில்லை. 'இன்னும் மனசுல வெச்சிருக்காரு' என்று அவள் நினைத்துக்கொண்டாள். நியாயம்தானே என்றும் நினைத்துக்கொண்டாள். கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். தேவையென்றால் எதிரே போய் நின்று சொல்வாள். டிவி சத்தம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடியது. பக்கத்து வீட்டாரைப் பழி வாங்குகிறானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

போன வருஷம் கணக்கு டீச்சர் மகன் வீட்டோடு போய்விடுவதாக முடிவானது. சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி உதவிக்குப் போயிருந்தாள். டீச்சர் சொன்னாள்: "எனக்கு ஒரே ஒரு குறைதான். அந்த ரம்பத்தை இன்னும் ஒருதரம் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நீ எதுக்கும்மா அன்னிக்குக் கையைத் தூக்கின?"

பன்னிரண்டு வருஷத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அண்ணி மேலே வந்து நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். எண்ணெய் தடவி வைத்ததால் ரம்பம் துருப்பிடிக்கவில்லை. வில்லின் மயிரைத்தான் பூச்சி தின்றிருந்தது. அதே பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புது மயிர் கட்டச் சொன்னாள். மூன்று வாரம் நடையாய் நடந்தாள். டீச்சர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கிடைத்தது.

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் அவன் மடியில் வைத்தாள்.

"இப்ப எதுக்கு இது?"

"எனக்குக் கேக்கணும்."

"என்ன?"

"எனக்குக் கேக்கணுங்க," என்று இன்னும் உரக்கச் சொன்னாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் கட்டை விரலால் ரம்பத்தின் முதுகைத் தடவிப் பார்த்தான். டீச்சரை நாங்கள் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்து உட்கார வைத்தோம்.

கீழ் ஒலிகள் நன்றாகத்தான் இருந்தன. அவனுக்குக் கை மறக்கவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே ஏற ஏற ஒலி பக்கவாட்டில் சரிந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. உச்சிக்குப் போனபோது அவன் எங்கேயோ இருந்தான், பாட்டு எங்கேயோ இருந்தது. நெடுநாள் ஆயிற்றே, பழகினால் வந்துவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். நிறைந்து போய் இருந்தது. தவறு நடப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பல் உடைந்த இடத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடித்தவன் அவன். டீச்சர் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டாள்.

வில்லை இறக்கிவிட்டு, "சரியா வந்துச்சா?" என்று கேட்டான்.

"நல்லா வந்துச்சு," என்றாள் அண்ணி. பஸ் நிலையத்துக் குரலில் சொன்னாள். அப்போதுதான் அவன் தலையாட்டினான்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓர் அறையில் அவனை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற எங்களுக்கு, அவன் அழுத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் தெரிந்தது. முப்பது வருஷ மெஷின் சத்தம், மேல் ஒலிகள் ஏறக்குறைய போய்விட்டன, காதில் கருவி வைத்தால் பேச்சுக் கேட்கும், பாட்டு பழைய மாதிரி வராது என்றார் டாக்டர்.

அண்ணி கேட்டாள்: "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்குமா டாக்டர்?"

"அப்ப ஓரளவு நல்லாவே கேட்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் போனதுதானே. வீட்ல கூப்பிட்டா திரும்பாம இருந்திருப்பாரே, நீங்க கவனிக்கலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். அவள் கதவோரமாக நின்று, "அன்னிக்கு ஆமான்னு நான் சொன்னது பொய்," என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. கிட்டே போய்ச் சொன்னாள். "எந்த ஆமா?" என்றான். அப்புறம் கூட்டத்தை, கை தூக்கியதை, பஸ் நிலையத்தை, மியாவை எல்லாம் உரக்க, விட்டு விட்டு, முதலிலிருந்து சொன்னாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. என் வீட்டு வாசலில் நின்ற எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் மூன்றாவது மாடிக்கும் கேட்டிருக்கும். பன்னிரண்டு வருஷம் மூடி வைத்ததை ஊருக்கே அறிவிக்க வேண்டியதாகிவிட்டது.

அண்ணன் கேட்டுவிட்டு, "அதுக்கு என்ன இப்போ. எனக்கும் அப்ப அலுத்துப் போயிருந்துச்சு," என்றானாம். அவளைத் தேற்றுவதற்குச் சொன்னது. அலுத்துப் போகிறவன் வருஷா வருஷம் செய்தித்தாளைப் பிரித்து ரம்பத்துக்கு எண்ணெய் போடமாட்டான். சுற்றியிருந்த தாளின் தேதி பன்னிரண்டு வருஷம் பழையதில்லை, சில மாதம்தான் முந்தியது. அதைப் பிரித்தவள் அவள்தானே, அவளுக்கும் தெரியும்.

இப்போது தினமும் வாசிக்கிறான். கருவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் வாசிக்கிறான், அது கரகரக்கிறதாம். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறாள். "கீழ்ப்பக்கமாவே வாசிங்க, எனக்கு அதுதான் பிடிக்குது," என்று சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கீழே இருப்பான், அப்புறம் கை தானாக மேலே போய்விடும். கட்டடத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் படிக்கட்டில் அண்ணனைப் பார்த்து, "நல்லா இருக்குங்க," என்று கையைக் காட்டிச் சொல்கிறார். "எல்லாருக்கும் இப்பதான் பழகியிருக்கு போல," என்று அண்ணன் என்னிடம் சந்தோஷப்பட்டான்.

அண்ணி சொன்னாள்: "அப்ப பாதிப் பேருக்காவது பிடிச்சிருந்துச்சுடி. இப்ப ஒருத்தருக்கும் பிடிக்கலை. அதான் சண்டையே இல்லை."

வருகிற வெள்ளிக்கிழமை அவன் ஆலையிலிருந்து ஓய்வு பெறுகிறான். வழியனுப்பு விழாவில் வாசிக்கிறேன் என்று அவனாகவே முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எப்படித் தடுப்பது என்று அண்ணியும் நானும் இரண்டு நாள் யோசித்தோம். தடுக்கிற யோக்கியதை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். நேற்று அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், "அங்க இருக்கறவங்க எல்லாருமே அதே மெஷின் பக்கத்துல முப்பது வருஷம் நின்னவங்கதானே. அவங்களுக்கு நல்லாத்தான் கேக்கும்." காலர் மடிப்பைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "நீயும் வந்துடு. தனியா உட்கார்ந்து கேக்க என்னால முடியாது."

வருகிறேன் என்றேன்.